ஒரு விரல் மருந்து

அத்தாயி கல்யாணமாகி நாவப்பட்டிக்கு வந்த மூன்றாவது வருஷம் அவளுடைய உள்ளங்கைகளில் கரப்பான் கண்டது. முதலில் விரல் இடுக்குகளில் கடுகு கடுகாகக் கொப்புளம். சொறிந்தால் நீர் வடியும். காய்ந்தால் தோல் தடித்துப் பலாமரத்துப் பட்டை மாதிரி வெடிக்கும். கொல்லிமலையில் தையும் மாசியும் மிளகு பறிக்கிற மாதங்கள். சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் கொடிகளுக்கு மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பச்சைச் சரங்களைக் கிள்ளிப் போட வேண்டும். மிளகுச் சாறு வெடிப்புக்குள் இறங்கினால் உயிர் போய் வரும். அத்தாயி ஏணியின் உச்சியில் நின்று மிளகைத் திட்டுவாள். மலையைத் திட்டுவாள். கீழே ஏணியைப் பிடித்திருக்கும் புருஷன் சென்றாயனையும் சேர்த்துத் திட்டுவாள். அவன் சிரிப்பானே தவிர பதில் பேசமாட்டான். அப்பாவுக்கு எதிரில் பேசாமல் இருந்து இருந்து, மற்ற இடங்களிலும் அவனுக்கு அதுவே பழகிப்போயிருந்தது.

அப்பா அருணாசலத்துக்கு மூன்று ஏக்கர் மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும், மேட்டில் கொஞ்சம் சாமையும் இருந்தன. மனைவி செத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. மகன், மருமகள், கல்யாண வயதில் மகள் தேன்மொழி. அந்த வீட்டில் யாருக்கு என்ன என்பதை அவர்தான் முடிவு செய்வார். மருமகள் கைக்கு வைத்தியமும் அவரே பார்த்தார். ஒரு வருஷம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். அடுத்த வருஷம் யாரோ சொன்னார்கள் என்று சேங்கொட்டையைச் சுட்டு, அதில் வடிந்த எண்ணெயைத் தடவினார். மறுநாள் இரண்டு கையும் வெந்துபோய்க் கொப்பளித்துவிட்டன. ஒரு மாசம் தேன்மொழிதான் அண்ணிக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரினாள், ரவிக்கைக் கொக்கி மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அருணாசலம் வைத்தியத்தை விட்டுவிட்டு, அத்தாயிக்கென்று ஒரு தனித் தட்டும் சொம்பும் வாங்கி வந்தார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மாசியில் மிளகு பறிக்கப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மதியத்துக்குக் களியும் மொச்சைக் குழம்பும். தேன்மொழி செம்மேட்டில் தையல் கிளாசுக்குப் போயிருந்ததால் அத்தாயியே களி கிண்டி, உருட்டி, தூக்கிக்கொண்டு போனாள். பக்கத்துக் காட்டு ராமாயி உருண்டையைப் பார்த்தாள், அத்தாயியின் கையைப் பார்த்தாள், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"பசிக்கல."

அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேருக்குப் பசிக்காமல் போனது. அத்தாயி மிஞ்சிய நான்கு உருண்டைகளை அங்கேயே, அவர்கள் கண்ணெதிரில் உட்கார்ந்து, தன்னால் முடிந்த மட்டும் தின்றாள்.

பொழுது சாய்ந்ததும் அருணாசலம் மருமகளைக் கூப்பிட்டார்.

"நாளையிலிருந்து நீ அடுப்புப் பக்கம் போகாத சாமி. தேனு பாத்துக்குவா."

"நான் என்ன தப்புப் பண்ணுனேனுங்க மாமா?"

"தப்புன்னு யாரு சொன்னா? ஒட்டுற நோவு. அடுத்த வாரம் தேனுவப் பாக்க வாராங்க. உன்ற கையப் பாத்தா அப்படியே எந்திரிச்சுப் போயிருவாங்க. அவங்க வந்து போற மட்டும் உங்கம்மா ஊட்டுல போயி இருந்துக்க."

"ஒட்டும்னா உங்க மவனுக்கு ஒட்டியிருக்கோணுமே? அஞ்சு வருசமா ஒரே பாயிலதான் படுக்கறோம். அவரு கைய வந்து பாருங்க, பச்சப்புள்ள கையாட்டம் இருக்குது."

அருணாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சென்றாயன் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

மறுநாள் விடியக்காலம் முதல் பஸ்ஸுக்கு அத்தாயி கிளம்பினாள். மூடுபனியில் ரோடு தெரியவில்லை. சென்றாயன் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"உங்கம்மா ஊருக்கு இந்த பஸ் போகாதே?"

"அங்க போகலீங்க. நாமக்கல் போறேன். பெரியாஸ்பத்திரில கையக் காட்டப் போறேன்."

"நானும் வாரட்டுமா?"

"வேண்டாம். நீங்க இருந்து உங்கப்பங்கிட்டச் சொல்லுங்க. அந்த ஒரு வேல செஞ்சாப் போதும்."

மலையிறங்கும் ரோட்டில் எழுபது வளைவு. இருபதாவது வளைவிலிருந்து பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தாயி கையை முந்தானைக்குள் வைத்துச் சொறிந்துகொண்டே வந்தாள்.

தோல் டாக்டர் பிரபாவதிக்கு ஏறக்குறைய அவள் வயதுதான் இருக்கும். கையை நீட்டச் சொன்னவள், உறையெதுவும் மாட்டாமல் வெறும் கையாலேயே அத்தாயியின் இரண்டு கைகளையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தாயிக்கு அழுகை வந்துவிட்டது. வலியா என்று டாக்டர் கேட்டாள்.

"இல்லீங்க. யாரும் தொட்டு நாளாச்சு."

"இது கரப்பான். கிருமி கிடையாதும்மா. தொட்டா வராது, சேர்ந்து சாப்பிட்டா வராது. உங்க தோலுக்கு மிளகுச் சாறும் சோப்புத் தூளும் ஒத்துக்கல, அவ்வளவுதான்."

"அத எழுதிக் குடுங்க."

"எதை?"

"ஒட்டாதுங்கறத. தமிழ்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வெச்சுக் குடுங்க."

டாக்டர் சிரித்தாள். ஆனால் எழுதிக் கொடுத்தாள். பிறகு ஒரு ட்யூபைத் திறந்து, அத்தாயியின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு பிதுக்கினாள்.

"இந்த ஒரு கோடு. உங்க ரெண்டு உள்ளங்கைக்கும் சேர்த்து இது போதும். அப்பிவைக்க வேண்டாம், லேசா பரவலா தடவணும். இது ஸ்டீராய்டு. நல்ல மருந்துதான், ஆனா அளவு தெரிஞ்சு போடணும்."

"பயந்துக்கிட்டுக் கம்மியாப் போட்டா?"

"ஆறாது. பொட்டு மாதிரி வெச்சுட்டு மருந்து கேக்கலன்னு சொல்லக்கூடாது. ரெண்டு வாரம் காலையில, சாயங்காலம். மூணாவது வாரம் ஒரு வேளை. நாலாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதோட நிறுத்திட்டு எங்கிட்ட வந்து காட்டுங்க. நமைச்சல் நின்னுபோச்சுன்னு நாலே நாள்ல விட்டுடாதீங்க. நல்லா இருக்கேன்னு மாசக்கணக்கில போட்டுக்கிட்டும் இருக்காதீங்க."

வாசலின் களிம்பும் எழுதினாள். கை காயும்போதெல்லாம் அதைப் பூச வேண்டும், மருந்துக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி விட வேண்டும் என்றாள். மிளகு பறிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டதற்கு அத்தாயி முடியாது என்றாள். அப்படியானால் உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி, மேலே பாலிதீன் உறை மாட்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. உள்ளங்கைத் தோல் தடிப்பு. முகத்துத் தோல் வெங்காயத் தொலி மாதிரி. அங்க இதைப் போடக்கூடாது. வேற யாருக்கும் குடுக்கவும் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அத்தாயி சீட்டைத் தேன்மொழியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். பத்தாவது வரை படித்தவள் அவள். 'இது தொற்று நோய் அல்ல' என்ற வரியை இரண்டு முறை படிக்க வைத்தாள். அருணாசலம் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டு, காது கேட்காதவர் போல நின்றார்.

ஆனால் புதன்கிழமை மலையிறங்கிச் சந்தைக்குப் போனபோது, அடிவாரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த வெள்ளியங்கிரியிடம் கேட்டிருக்கிறார். வந்ததும் வராததுமாகச் சொன்னார்:

"அது ஸ்டீராய்டாம். எலும்பு உருகிப்போயிருமாம். வெள்ளியங்கிரியே சொல்றான். தூக்கிப் போடு அத."

"உருகுனா என்ற எலும்புதானுங்க மாமா உருகும். சேங்கொட்ட போட்டப்ப ரெண்டு கையும் உருகுச்சே, அப்ப வெள்ளியங்கிரியக் கேட்டீங்களா?"

அவள் தினமும் இரண்டு வேளை வாசலில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க விரலில் கோடு போட்டுத் தடவிக்கொண்டாள். ஐந்தாம் நாள் சொறியாமல் தூங்கினாள். பத்தாம் நாள் தடித்த பட்டை உதிர்ந்து, உள்ளிருந்து இளந்தோல் எழும்பியது. ராமாயி ஒருநாள் இடுப்புச் சேலையை விலக்கி, வட்டமாகச் சிவந்திருந்ததைக் காட்டி, கொஞ்சம் மருந்து கொடு என்றாள்.

"அது படர்தாமர அக்கா. அதுக்கு வேற மருந்து. டாக்டருகிட்டப் போ."

"ஒரு துளி குடுத்தா கொறஞ்சா போயிருவ?"

"கொறைய மாட்டேன். குடுக்கவும் மாட்டேன்."

அத்தாயிக்குத் திமிர் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் செம்மேட்டுப் பக்கத்துக் குடும்பம். பையன் வேல்முருகன் சொந்தமாக ஜீப் ஓட்டினான். அம்மா கண்ணாயி பேச்சில் கெட்டிக்காரி. அத்தாயி அம்மா வீட்டுக்குப் போகவில்லை. காபித் தம்ளரைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். ஆறிக்கொண்டிருந்த அவள் கைகளைக் கண்ணாயி கவனிக்கவேயில்லை. தேன்மொழியை மட்டும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணு லட்சணந்தான். நெறந்தான் கொஞ்சம் மட்டு. பரவால்லீங்க, ஆனில வந்து உறுதி பண்ணிக்கலாம்."

அன்று மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அத்தாயியே சாமைச் சோற்றைப் பரிமாறினாள். அருணாசலம் கையை எடுத்துத் தட்டில் வைக்கத் தயங்கினார். சென்றாயன் எழுந்துபோய், மூலையில் கவிழ்த்திருந்த அவளுடைய தனித் தட்டை எடுத்து வந்தான். அதில் தனக்குச் சோறு போடச் சொன்னான். யாரையும் பார்க்காமல் பிசைந்து தின்றான். அருணாசலம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானும் சாப்பிட்டார். அந்தத் தட்டு அன்றைக்கே மற்ற தட்டுகளோடு சேர்ந்துவிட்டது.

நாலு வாரத்தில் அத்தாயி மருந்தை நிறுத்தினாள். கை மறுபடி கை ஆகியிருந்தது. மருந்து பட்ட மணிக்கட்டுத் தோல் மட்டும் சுற்றியிருந்த தோலைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தது. அதைத் தேன்மொழி பார்த்துவிட்டாள்.

பங்குனியிலிருந்து தேன்மொழியின் முகம் மாறத் தொடங்கியது. தையல் கிளாசுக்குப் போகிறவளுக்குப் பவுடர் பூசுகிற பழக்கம் வந்துவிட்டதென்று அத்தாயி நினைத்தாள். சித்திரையில் ஊரே பார்த்தது. கல்யாணக் களை என்றார்கள். அருணாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "நெறம் மட்டுன்னாளே, இப்ப வந்து பாக்கட்டும்" என்றார்.

வைகாசியில் நாலு நாள் விடாமல் மழை. மண் சரிந்து பஸ் நின்றுபோனது. மூன்றாம் நாள் தேன்மொழி அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. அத்தாயி உள்ளே போய்ப் பார்த்தபோது, துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அத்தாயி துண்டை எடுத்தாள். கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோலச் சிவந்திருந்தன. கன்னத்திலும் வாயைச் சுற்றியும் பொடிப்பொடியாகப் பரு. நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது.

"எரியுது அண்ணி. தண்ணி பட்டாக்கூட எரியுது."

"என்னத்த போட்ட?"

தேன்மொழி தையல் பையைத் திறந்தாள். பிதுக்கித் தட்டையாக்கிய காலி ட்யூப்கள் ஐந்தாறு. எல்லாம் அத்தாயியின் மருந்து.

"உங்க அட்டப்பெட்டியக் கொண்டுபோயிக் காட்டி வெள்ளியங்கிரியண்ணங்கிட்ட வாங்குனேன். வெடியாலயும் பொழுதோடயும் போட்டேன். மழையில கீழ போக முடியல, தீந்துபோச்சு. நிறுத்துன ரெண்டாம் நாளே இப்படி ஆயிருச்சு."

முகத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை அத்தாயி ராமாயிக்குச் சொல்லவில்லை, சென்றாயனுக்குச் சொல்லவில்லை, தனக்குச் சோறு ஊட்டிய இந்தப் பெண்ணுக்கும் சொல்லவில்லை. ஒட்டாது என்ற சீட்டை மட்டும் இரண்டு முறை உரக்கப் படிக்க வைத்திருந்தாள்.

"என்ற தப்பு கண்ணு. நான் சொல்லியிருக்கோணும்."

அருணாசலம் மகள் முகத்தைப் பார்த்ததும் நேராக உறியிலிருந்த அத்தாயியின் மீதி மருந்தை எடுத்து அடுப்பில் வீசினார். "சனியன ஊட்டுக்குள்ள கொண்டாந்ததே நீதான்! அன்னிக்கே சொன்னேன் தூக்கிப்போடுன்னு!"

"எறிஞ்சா ஆச்சுங்களா? அதே மருந்துதான் என்ற கையக் குடுத்துச்சு. மருந்து மேல தப்பில்லீங்க. சொல்லாம விட்டது என்ற தப்பு. சீட்டில்லாம வித்தது வெள்ளியங்கிரி தப்பு. நெறம் வந்துச்சுன்னு ஊரெல்லாம் பீத்துனீங்களே, ஏது வந்துச்சுன்னு ஒரு நாளு கேட்டீங்களா?"

"எதுத்தா பேசற?"

"ஆமாங்க. எதுத்துத்தான் பேசறேன்."

ரோடு சரியான அன்றே இருவரும் இறங்கினார்கள். அடிவாரத்தில் அத்தாயி முதலில் மருந்துக்கடைக்குத்தான் போனாள். கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"எங்க மாமங்கிட்ட எலும்பு உருகும்னு சொன்னீங்களாமே, அந்த மருந்த இவளுக்கு எப்படிக் குடுத்தீங்க?"

வெள்ளியங்கிரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "கேட்டாங்க, குடுத்தேன். தெனமும் இருவது பேரு கேக்கறாங்க. நான் என்ன டாக்டரா?"

"டாக்டரில்லாதவரு எங்க மாமனுக்கு மட்டும் எப்படி வைத்தியம் சொன்னீங்க? இவகிட்ட என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

தேன்மொழி முகத்தை மறைத்துச் சுற்றியிருந்த துண்டைத் தானே அவிழ்த்தாள். நின்றிருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"ரெண்டே வாரத்துல செவந்துருவேன்னு சொன்னாரு அண்ணி. செவந்துட்டேன் பாருங்க."

வெள்ளியங்கிரி குரலை இறக்கினார். "இதுக்கு ஏம்மா கூட்டம் கூட்டறீங்க? இன்னொரு ட்யூபு போட்டா நாளைக்கே அடங்கிரும். காசு வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போங்க."

கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு பெண், கையில் பிடித்திருந்த ட்யூபை மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். அத்தாயி தேன்மொழியின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

டாக்டர் பிரபாவதி நீண்ட நேரம் பார்த்தாள். திட்டவில்லை.

"கடைக்காரர் சொன்னதில ஒண்ணு நிஜம். திரும்பப் போட்டா அடங்கிடும். அதுதான் இதுல மோசம். போட்டா அடங்கும், விட்டா முன்னைவிட எரியும். அப்படியே வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டவங்க எங்கிட்ட வர்றாங்க. இப்பவே விட்டுடணும். முதல் ஒரு மாசம் கொடுமையா இருக்கும். ஈரத்துணி வைக்கலாம். சோப்பு, பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். வெயில்ல போகாதீங்க. எரிச்சலுக்கு வேற மருந்து தர்றேன்."

"எப்ப சரியாகுங்க?" என்றாள் தேன்மொழி.

"மூணு மாசம், நாலு மாசம். கூடவும் ஆகலாம்."

"ஆனில என்னய உறுதி பண்ண வாராங்க. இன்னும் மூணு வாரந்தானிருக்கு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "அதை நீங்கதான் முடிவு பண்ணணும்மா. உங்க முகம்."

அந்த மூன்று வாரமும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. தேன்மொழிக்கு முகம் வீங்கியது, நீர் கோத்தது, தோல் செதில் செதிலாக உரிந்தது. அடுப்பு அனல் தாங்கவில்லை. அத்தாயி சோற்று வேலை, காட்டு வேலை இரண்டையும் பார்த்துக்கொண்டு, நடுவில் வந்து துணி நனைத்துப் போட்டாள். ஒருநாள் தேன்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவ போட்டுக்கட்டுமா அண்ணி, ஒரு விரலு?" என்று கெஞ்சினாள். அத்தாயி வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட உட்கார்ந்து, அவளை அழவிட்டு, அழுது முடிந்ததும் துணியை மாற்றினாள்.

உறுதி செய்கிற நாளுக்கு நாலு நாள் முன்னால் அருணாசலம் சந்தையிலிருந்து ஒரு ட்யூப் வாங்கி வந்தார். மகள் மடியில் வைத்தார்.

"கல்யாணம் முடியற மட்டும் போட்டுக்க சாமி. அப்பறம் விட்டர்லாம். வெள்ளியங்கிரி அப்படித்தான் சொல்றான். இந்த மூஞ்சியோட உன்னய நான் எப்படிக் கொண்டுபோயி நிறுத்தறது? உங்கம்மா இருந்திருந்தா..."

சென்றாயன் வாயைத் திறந்தான். "வேண்டாம்ப்பா." ஒரே சொல். ஆனால் அந்த வீட்டில் அவன் அப்பாவிடம் சொன்ன முதல் வேண்டாம் அதுதான்.

அருணாசலம் திரும்பி மகனைப் பார்த்தார். பேச அத்தாயிக்கு நாக்குத் துடித்தது. 'உங்க முகம்' என்று டாக்டர் சொன்னது ஞாபகத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டு தேன்மொழியைப் பார்த்தாள்.

தேன்மொழி ட்யூபைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சாணிக் குழி ஓரத்தில் நின்று, அடியிலிருந்து நுனிவரை மொத்தத்தையும் பிதுக்கி ஊற்றினாள்.

"கல்யாணம் முடிஞ்சு விட்டா அங்க போயி எரியும்ப்பா. அந்த ஊட்டுல எனக்கு யாரு துணி நனைச்சுப் போடுவா? எரியறது எங்கூட்டுலயே எரியட்டும்."

ஆனி பத்தாம் தேதி ஜீப் வந்தது. கண்ணாயி வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். தேன்மொழி முகத்தை மூடிக்கொள்ளாமல், பவுடர் பூசாமல், நேராக வந்து நின்றாள். கண்ணாயி கையிலிருந்த தட்டு சாய்ந்து ஒரு வாழைப்பழம் உருண்டது.

"இதென்னங்க இது? மாசில பாத்தப்ப இப்படி இல்லியே? ஏதாச்சும் நோவா?"

அருணாசலம் தொண்டையைக் கனைத்தார். "கொஞ்சம் சூடு புடிச்சு..."

"சூடில்லீங்க," என்றாள் தேன்மொழி. "நெறம் மட்டுன்னு சொன்னீங்க. அதுக்காக ரெண்டு மாசம் மருந்து போட்டேன். கைக்குப் போடற மருந்த மூஞ்சிக்குப் போட்டேன். செவந்தேன். அப்பறம் இப்படி ஆயிருச்சு. ஆறும்னு டாக்டரு சொல்லியிருக்காங்க. நாலு மாசம் ஆகுமாம்."

"நான் சாதாரணமா ஒரு பேச்சுச் சொன்னேன். அதுக்காக இப்படியா பண்ணிக்குவாங்க?"

"பண்ணிக்கிட்டேங்க. புத்தி இல்லாமத்தான். ஆனா உங்க பேச்சக் கேட்டுத்தான்."

கண்ணாயி மகனைப் பார்த்தாள். வேல்முருகன் தலை குனிந்து, உருண்ட பழத்தை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நாலு மாசம் பொறுத்து வரலாமா?" என்றான் மெதுவாக.

"பொறுத்துப் பாக்கலாம்," என்றாள் கண்ணாயி. "ஆறட்டும். எப்படி ஆறுதுன்னு பாக்கலாம்."

"ஆறுனாலும் நான் கருப்பாத்தான் இருப்பேனுங்க," என்றாள் தேன்மொழி. "முன்ன பாத்தீங்களே, அதே கருப்பு. அதுல ஒரு மாத்துகூட ஏறாது. சம்மதம்னா வாங்க. இல்லீன்னா இத்தன மேடு ஏறி வர்ற சிரமம் உங்களுக்கு எதுக்குங்க?"

ஜீப் போன பிறகு அருணாசலம் கையை ஓங்கினார். அத்தாயி நடுவில் வந்து நின்றாள். ஓங்கிய கை கீழே இறங்கியது. பிறகு அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாசம் மகளோடும் மருமகளோடும் பேசவில்லை. ஆடியில் சளி பிடித்து இருமிக்கொண்டு படுத்தபோது, அத்தாயி மிளகுக் கசாயம் வைத்துக்கொண்டு போனாள். வாங்கிக் குடித்தார். "உப்புப் பத்தல" என்றார். கசாயத்துக்கு உப்பு போடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படித்தான் பேச்சு திரும்பியது.

ஆவணியில் தேன்மொழிக்கு எரிச்சல் நின்றது. புரட்டாசியில் பரு அடங்கியது. ஐப்பசி மழையின்போது கண்ணாடியில் பார்த்தாள். பழைய முகம் வந்திருந்தது. மூக்கோரம் மட்டும் இரண்டு சிவப்பு நூல். அதற்குள் அவள் தையல் பரீட்சை எழுதி, வீட்டு வாசலிலேயே ஒரு பழைய மிஷினைப் போட்டு ரவிக்கை தைக்க ஆரம்பித்திருந்தாள். துணி கொடுக்க வருகிற பெண்கள் முகத்துக்கு எதைப் பூசுகிறார்கள் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, தன் மூக்கோரத்தைக் காட்டுவாள். சிலர் பயந்தார்கள். சிலர் வேறு தையல்காரியிடம் போனார்கள். அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் மழைத் தூறலில் வேல்முருகனின் ஜீப் வந்து நின்றது. அவன் மட்டும்தான் இறங்கினான். நனைந்துகொண்டே மிஷினுக்கு முன்னால் வந்து நின்றான். அத்தாயி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அருணாசலம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்குச் சம்மதங்க," என்றான் வேல்முருகன். "அன்னிக்கே சம்மதந்தான். சொல்ல வாய் வரல."

தேன்மொழி மிஷினை நிறுத்தவில்லை. தையலை ஓரம் வரைக்கும் ஓட்டி, நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்க... அவங்க ஊட்டுல இருக்காங்க. நான் சொல்லிக்கிறேன்."

"நெறத்தப் பத்திச் சொன்னது அவங்க. அவங்களே வந்து கேக்கட்டும்."

அருணாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தாயி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வேல்முருகன் முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டு ஜீப்பைத் திருப்பினான்.

எட்டு நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் மேட்டில் ஜீப் ஏறி வருகிற சத்தம் கேட்டது. முன் சீட்டில் கண்ணாயி, மடியில் வெற்றிலை பாக்குத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.